பூனைக்கண் யார் வழியில் வருகிறது?

கண்ணின் நிறம் என்று பேசப்படுவது ஐரிஸ் என்ற வட்டமான தசைத்திரையின் நிறம். நடுவில் இருக்கும் கண்பாவை வெறும் துளைதான். உள்ளே போன வெளிச்சம் பெரும்பாலும் திரும்பி வராததால் அது எல்லோருக்கும் கறுப்பாகவே தெரியும். அந்தத் துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸுக்கு முன்னடுக்கு, பின்னடுக்கு என இரண்டு பகுதிகள் உண்டு. பின்னடுக்கில் மெலனின் என்ற கருநிறமி அடர்ந்து கிடக்கிறது. ஸ்வீடன்காரரின் நீலக் கண்ணானாலும் தஞ்சாவூர்க்காரரின் கரும்பழுப்புக் கண்ணானாலும் பின்னடுக்கு ஒன்றுபோலக் கறுத்தே இருக்கும். ஆளுக்கு ஆள் மாறுவது ஸ்ட்ரோமா எனப்படும் முன்னடுக்குதான்.

ஸ்ட்ரோமாவில் மெலனோசைட் என்ற நிறமிச் செல்கள் பரவியிருக்கின்றன. பழுப்புக் கண்ணில் இந்தச் செல்கள் அதிகம், நீலக் கண்ணில் குறைவு என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். ஒவ்வொரு செல்லும் எவ்வளவு மெலனின் தயாரித்துச் சேர்த்து வைக்கிறது, அதில் கரும்பழுப்பு வகையான யூமெலனின் எவ்வளவு, செம்மஞ்சள் வகையான ஃபியோமெலனின் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. தயாரிப்பு நடக்கும் இடம் செல்லுக்குள் இருக்கும் மெலனோசோம் என்ற நுண்பை. மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம். டைரோசினேஸ் என்ற நொதி அதில் வேலையைத் தொடங்கி வைக்கிறது.

முன்னடுக்கில் மெலனின் நிறைய இருந்தால் உள்ளே வரும் ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். கண் கரும்பழுப்பாகத் தெரியும். தமிழில் கருவிழி என்று சொன்னாலும் முழுக் கறுப்பான ஐரிஸ் எவருக்கும் கிடையாது, அடர்ந்த பழுப்புதான் அப்படித் தோன்றுகிறது. மெலனின் மிகக் குறைவாக இருந்தால் ஒளியின் குறுகிய அலைகள், அதாவது நீலப் பகுதி, ஸ்ட்ரோமாவின் நுண்ணிழைகளில் பட்டுச் சிதறி வெளியே திரும்புகின்றன. நீண்ட அலைகள் உள்ளே போய்க் கறுத்த பின்னடுக்கில் மறைகின்றன. நீலக் கண் இப்படித்தான் உண்டாகிறது. எந்த மனிதக் கண்ணிலும் நீல நிறமி என்று ஒன்று இல்லை, பச்சை நிறமியும் இல்லை. சிதறிய நீலத்தின் மேல் சிறிதளவு மெலனின் சாயல் படியும்போது பச்சையும் தேன் நிறமும் பிறக்கின்றன.

பிள்ளைக்குப் பெற்றோரிடமிருந்து வருவது நிறமன்று. நிறமியை எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்ற கட்டளைகள்தான் வருகின்றன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் அடுத்து வரும் குழப்பங்களில் பாதி தானே அவிழ்ந்துவிடும்.

மெண்டலின் பட்டாணிச் செடிச் சோதனைகள் 1900ஆம் ஆண்டு மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்தபோது, அந்த விதியை மனிதர்களிடம் காட்ட ஓர் எளிய பண்பு தேவைப்பட்டது. கண்ணின் நிறம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் டேவன்போர்ட்டும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1907இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே நேரத்தில் இங்கிலாந்தில் சி. சி. ஹர்ஸ்ட், லெஸ்டர்ஷயரில் உள்ள பர்பேஜ் என்ற ஊரின் குடும்பங்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார். இரு தரப்பும் எட்டிய முடிவு ஒன்றே: பழுப்பு ஓங்கு பண்பு, நீலம் ஒடுங்கு பண்பு. பழுப்புக்கான அல்லீல், அதாவது மரபணு வடிவம், ஒன்று கிடைத்தாலே கண் பழுப்பு. இரண்டும் நீலத்துக்கானதாக இருந்தால் மட்டுமே நீலம். இதிலிருந்து தவிர்க்க முடியாமல் வரும் முடிவு, நீலக் கண் தாய்க்கும் நீலக் கண் தந்தைக்கும் பழுப்புக் கண் பிள்ளை பிறக்கவே முடியாது என்பது.

நான்கு கட்டங்கள் போட்டு விளக்க வசதியாக இருந்ததால் உலகெங்கும் பாடப்புத்தகங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. ஆனால் 1909இலேயே ஹோம்ஸ், லூமிஸ் என்ற இருவர், கண்ணின் நிறம் இரண்டு பெட்டிகளில் அடங்காது, வெளிர்நீலத்திலிருந்து கரும்பழுப்பு வரை இடைவெளியில்லாமல் தொடர்கிறது என்று மறுத்து எழுதினார்கள். அந்த மறுப்பு பாடப்புத்தகங்களில் இடம்பெறவில்லை. டேவன்போர்ட் பிறகு மனிதர்களை மேலோர், கீழோர் எனப் பிரித்த இனமேம்பாட்டு இயக்கத்தின் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரானார். மனிதப் பண்புகள் ஒவ்வொன்றையும் ஒற்றை மரபணுவில் அடைக்கும் அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அவரது வாழ்க்கையே சாட்சி.

இந்தத் தவறு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதுதான் வேதனை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அந்தக் கட்டப்படத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று தம் பெற்றோரின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கணக்கு ஒத்துவராதபோது, தான் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதானா என்ற கேள்வி எழுகிறது. பழி எப்போதும் தாயின் மேல் விழுகிறது. கண்ணின் நிறத்தை வைத்துத் தகப்பன் யார் என்று முடிவு கட்ட முடியாது. அதற்கு டிஎன்ஏ சோதனை ஒன்றே வழி.

எந்த மரபணு என்ற கேள்விக்குத் தெளிவான விடை வர ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 15ஆம் குரோமோசோமில் ஓசிஏ2 என்ற மரபணு இருக்கிறது. மெலனோசோமின் சவ்வில் அமர்ந்து உள்ளே அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தும் ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. உட்புறம் அமிலம் மிகுந்தால் டைரோசினேஸ் சரியாக வேலை செய்யாது, மெலனின் குறையும். 15ஆம் குரோமோசோமின் இந்தப் பகுதி இழப்பால் வரும் பிராடர்-வில்லி, ஏஞ்சல்மன் நோய்க்குறிகள் உள்ள குழந்தைகள் பலர் தம் குடும்பத்தாரைவிட வெளிர்நிறமாக இருப்பதும் இதனால்தான். நீலக் கண்ணுக்கும் இந்த மரபணுவுக்கும் தொடர்புண்டு என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் நீலக் கண்ணுடையவர்களில் பெரும்பாலானோருக்கு ஓசிஏ2 மரபணுவின் புரதம் பழுதின்றியே இருந்தது. பிறகு நிறமி ஏன் குறைகிறது?

2008இல் கோபன்ஹேகனில் ஹான்ஸ் ஐபெர்க் குழு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ரிச்சர்ட் ஸ்டர்ம் குழு, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் மான்ஃப்ரெட் கைசர் குழு என மூன்று இடங்களிலிருந்து விடை வந்தது. பழுது மரபணுவில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஓசிஏ2க்கு அருகே ஹெர்க்2 என்ற வேறொரு பெரிய மரபணு உண்டு. அதன் 86ஆம் இன்ட்ரானில், புரதம் உண்டாக்கும் வேலையில் பங்கே இல்லாத ஒரு பகுதியில், ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பழைய மனித வடிவம் 'ஏ'. நீலக் கண்ணுடையவர்களிடம் 'ஜி'.

அந்த ஒற்றை எழுத்து எப்படி இவ்வளவு செய்கிறது என்பதை ராட்டர்டாம் ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். அந்த இடம் ஓசிஏ2க்கான குழாய்த் திருகு மாதிரி. 'ஏ' இருந்தால் எம்ஐடிஎஃப் முதலிய புரதங்கள் அங்கே வந்து பற்றிக்கொள்கின்றன. டிஎன்ஏ இழை வளைந்து, சுமார் 21,000 எழுத்துகளுக்கு அப்பால் இருக்கும் ஓசிஏ2வின் தொடக்க முனையைத் தொடுகிறது. மரபணு முழு வேகத்தில் இயங்குகிறது. 'ஜி' இருந்தால் அந்தப் புரதங்கள் சரியாகப் பற்றுவதில்லை, வளைவு தளர்ந்துபோகிறது, ஓசிஏ2 மெதுவாகவே இயங்குகிறது. புரதம் நல்ல புரதம்தான், வரத்துதான் குறைவு. உயிரியலில் இவ்வளவு நேர்த்தியாக அவிழ்ந்த முடிச்சுகள் அரிது.

ஒவ்வொருவருக்கும் தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என 15ஆம் குரோமோசோம் இரண்டு உண்டு. இரண்டிலும் 'ஏ' இருந்தால் கண் பெரும்பாலும் பழுப்பு. இரண்டிலும் 'ஜி' இருந்தால் பெரும்பாலும் நீலம். ஒன்று 'ஏ', ஒன்று 'ஜி' என்றால் பெரும்பாலும் பழுப்பு, ஆனால் தேன் நிறமும் பச்சையும் கலந்த இடைநிறங்களும் இவர்களிடம் நிறையவே காணப்படும். இதுவரைக்கும் பழைய கட்டப்படம் ஓரளவு பொருந்துகிறது. டேவன்போர்ட் முழுக்கத் தவறவில்லை, பாதியைப் பார்த்துவிட்டு முழுதும் அதுதான் என்றார்.

மீதிப் பாதியில் வேறு பல மரபணுக்கள் இருக்கின்றன. டைரோசினேஸுக்கான டிஒய்ஆர், எஸ்எல்சி24ஏ4, எஸ்எல்சி45ஏ2, ஐஆர்எஃப்4 என்று பட்டியல் நீளும். 2021இல் ஏறத்தாழ 1,95,000 பேரின் மரபணுத் தரவை வைத்து வெளியான ஆய்வு, கண்ணின் நிறத்தோடு தொடர்புள்ள 61 இடங்களைக் குறித்தது. அவற்றில் 50 புதியவை. பலவற்றின் பங்கு தனித்தனியே சிறிது. ஆனால் ஒருவரிடம் பல சேர்ந்துகொண்டால் நிறத்தை ஒரு படி ஏற்றவோ இறக்கவோ அவற்றால் முடியும். 'ஜி' இரண்டு இருந்தும் பழுப்புக் கண் உள்ளவர்கள் உண்டு. 'ஜி' இரண்டு இல்லாமலே நீலக் கண் உள்ளவர்களும் உண்டு.

நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறப்பது இப்படித்தான். தந்தைக்கு ஹெர்க்2வில் 'ஜி' இரண்டு இருப்பதால் நீலம் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு ஹெர்க்2வில் 'ஏ' இருந்தும் நிறமியைக் குறைக்கும் வேறொரு மரபணுவால் நீலம். பிள்ளைக்குத் தாயிடமிருந்து அந்த 'ஏ' வருகிறது, தந்தையிடமிருந்து அந்த வேறொரு மரபணுவின் நல்ல படி வருகிறது. ஒருவரின் குறையை மற்றவர் ஈடுகட்டிவிடுகிறார், நிறமி தயாராகிறது. ஐரோப்பாவில் இது அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் நடக்கும்.

இதையே இன்னும் பளிச்சென்று காட்டிய நிகழ்ச்சி, பிறவியிலேயே நிறமி குன்றும் அல்பினிசத்தில் உண்டு. இருவருமே முழு அல்பினிசம் உடைய ஒரு தம்பதிக்குச் சாதாரண நிறமுள்ள பிள்ளைகள் பிறந்ததைப் பிரிட்டிஷ் கண் மருத்துவர் பேட்ரிக் ட்ரெவர்-ரோப்பர் 1952இல் பதிவு செய்தார். தாயின் பழுது ஒரு மரபணுவில், தந்தையின் பழுது வேறொன்றில். பிள்ளைகளுக்கு இரண்டிலும் ஒவ்வொரு நல்ல படி கிடைத்துவிட்டது.

மூதாதையர் பக்கம் திரும்பினால் கணக்கு இன்னும் சுவையாகிறது. 'ஜி' ஒன்று மட்டும் உள்ள ஒருவரின் கண் பழுப்பாகவே இருக்கலாம். அவர் பிள்ளைக்கு அது போய்ச் சேர வாய்ப்பு பாதி, பேரப்பிள்ளைக்குக் கால், கொள்ளுப்பேரப்பிள்ளைக்கு அரைக்கால். வழி நெடுக யார் கண்ணிலும் தெரியாமலேயே அது பல தலைமுறை நடந்து போகும். என்றாவது ஒருநாள் மணமகன் வழியில் வந்த ஒரு 'ஜி'யும் மணமகள் வழியில் வந்த ஒரு 'ஜி'யும் ஒரே குழந்தையிடம் சந்திக்கும். "எங்கள் பரம்பரையிலேயே இப்படி ஒரு கண் கிடையாதே" என்று பெரியவர்கள் வியப்பார்கள். பரம்பரையில் இருந்தது, பார்வைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த 'ஜி' எப்போது, எங்கே தோன்றியது? டென்மார்க், துருக்கி, ஜோர்டான் ஆகிய நாடுகளின் நீலக் கண்ணர்களிடம் அந்த எழுத்தைச் சுற்றியிருக்கும் டிஎன்ஏ வரிசையும் ஒன்றாகவே இருப்பதைக் கண்ட ஐபெர்க் குழு, இவர்கள் எல்லோருக்கும் இது ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்று முடிவு செய்தது. 6,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று அவர்கள் சொன்ன காலக்கணக்கு இன்றும் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அது இப்போது செல்லாது. வட இத்தாலியின் வில்லப்ரூனாவில் கிடைத்த, சுமார் 14,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டிலேயே 'ஜி' இருந்தது. ஸ்பெயினின் லா பிரான்யா குகையில் கிடைத்த, 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டைக்காரரின் டிஎன்ஏ 2014இல் படிக்கப்பட்டபோது, அவருக்குக் கருத்த தோலும் நீலக் கண்ணும் இருந்திருக்கும் என்று தெரிந்தது. வெள்ளைத் தோலோடு சேர்த்தே நீலக் கண்ணை நினைக்கும் பழக்கத்தை இதைவிடத் தெளிவாக எதுவும் உடைக்க முடியாது. தோல் நிறத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு மரபணுக்கள்.

எலும்பிலிருந்து கண் நிறத்தைக் கணிக்கும் முறையை ஆறு மரபணு எழுத்துகளை மட்டும் வைத்துக் கைசர் குழு உருவாக்கியது. ஐரிஸ்பிளெக்ஸ் என்று அதற்குப் பெயர். நீலத்தையும் பழுப்பையும் நன்றாகவே சொல்லிவிடும், இடைநிறங்களில் தடுமாறும். லெஸ்டர் நகரில் கார்கள் நிறுத்தும் இடத்துக்கு அடியில் 2012இல் கண்டெடுக்கப்பட்ட இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டை வைத்து, அவருக்கு நீலக் கண் இருந்திருக்க 96 விழுக்காடு வாய்ப்பு என்று 2014இல் மரபணு வழியாகக் கணித்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இலங்கைத் தமிழரிடமும் மிகப் பெரும்பாலோருக்கு 'ஏ' இரண்டுதான், கண் கரும்பழுப்பு. ஆனாலும் பழுப்பு எல்லாம் ஒரே பழுப்பு இல்லை. டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெற்காசிய வம்சாவளியினரின் ஐரிஸைத் துல்லியமாகப் படமெடுத்து அளந்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஏற்ற இறக்கங்கள் பழுப்புக்குள்ளேயே இருப்பதை 2016இல் வெளியிட்டார்கள். வெளிர்பழுப்பு, தேன், பச்சை கலந்த சாம்பல் என்று எங்காவது ஒரு குழந்தை பிறந்தால் ஊரில் பூனைக்கண் என்பார்கள். உடனே வெள்ளைக்காரக் கலப்பு என்று ஒரு கதையும் கிளம்பும். இலங்கைப் பறங்கியர் போன்ற சில சமூகங்களில் போர்த்துகீசிய, டச்சு மூதாதையர் வழி உண்மையிலேயே உண்டு. மற்றபடி, ஐரோப்பியக் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வடமேற்குக் கணவாய்கள் வழியாக வந்த மக்களின் கலப்பு துணைக்கண்டம் முழுவதும் பரவிவிட்டது. காஷ்மீரிலும் கொங்கணத்திலும் வெளிர்நிறக் கண்கள் புதிதல்ல. அந்தக் கலப்பின் மெல்லிய தடம் தெற்கிலும் உண்டு. ஒரு பூனைக்கண் குழந்தையைப் பார்த்துக் காலனி ஆட்சிக் காலத்துக் கதை கட்டுவது அறியாமை. அந்தக் குழந்தையின் தாயைப் பற்றிக் கதை கட்டுவது கொடுமை.

ஒடுங்கு பண்புகள் வெளிவருவதில் சொந்தத்தில் முடிக்கும் திருமணத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையிடம், ஒரே மூதாதையின் அதே மரபணுப் படி இரு வழியாகவும் வந்து சேர 16இல் 1 வாய்ப்பு. தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிவைத்தால் அது 8இல் 1. ஒரு ஒடுங்கு அல்லீல் நூற்றில் ஒன்று என்ற அளவில் மக்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், உறவில்லாத பெற்றோருக்குப் பிறக்கும் 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு அந்தப் பண்பு வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் அது ஏறத்தாழ 7 ஆகிறது. தாய்மாமன் திருமணத்தில் 13. வெளிர்நிறக் கண்ணுக்கு இந்தக் கணக்கால் கேடு எதுவும் இல்லை. அல்பினிசத்துக்கும் இதே கணக்குதான் என்பதே கவலைக்குரியது. அல்பினிசத்தில் ஐரிஸின் பின்னடுக்கிலும் நிறமி குன்றிவிடுவதால் வெளிச்சம் கண்ணுக்குள் தடையின்றிப் பாய்கிறது. கண் கூசும், கருவிழி நிலைகொள்ளாமல் ஆடும், பார்வைக் கூர்மை குறையும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு வகுப்பில் முன்வரிசை இடமும் வெயிலுக்குத் தொப்பியும் நிறக்கண்ணாடியும் அவசியம்.

பிறக்கும்போது இருக்கும் நிறம் நிலையானது என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பியக் குழந்தைகள் பலர் நீலம் அல்லது சாம்பல் கண்ணோடு பிறக்கிறார்கள். மெலனோசைட்டுகள் பிறந்த பிறகே முழுமூச்சாக மெலனின் தயாரிக்கத் தொடங்குவதால், முதல் ஓராண்டில் நிறம் அடர்ந்து வருகிறது. தமிழ்க் குழந்தைகள் பெரும்பாலும் பழுப்புக் கண்ணோடேயே பிறப்பதால் இந்த மாற்றம் யார் கண்ணிலும் படுவதில்லை. வளர்ந்தவர்களிடமும் மாறலாம். கிளாக்கோமாவுக்குத் தரப்படும் லாட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்து, நீலமும் பழுப்பும் கலந்த கண்களை நிரந்தரமாகவே கறுக்க வைப்பதுண்டு. வளர்ந்த ஒருவரின் ஒரு கண் மட்டும் திடீரென்று நிறம் மாறினால் அது பரம்பரை விஷயமல்ல, கண் மருத்துவரிடம் காட்ட வேண்டியது.

இரண்டு கண்களும் வேறுவேறு நிறமாக இருப்பது பெரும்பாலும் தீங்கற்றது. ஒரு விதிவிலக்கைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பழுப்புக் கண் குடும்பத்தில் ஒரு குழந்தை ஒரு கண்ணோ இரு கண்ணுமோ பளீரென்ற நீலமாகப் பிறந்து, நெற்றிக்கு மேல் ஒரு கற்றை வெள்ளை முடியும் இருந்தால், அது வார்டன்பர்க் நோய்க்குறியாக இருக்கலாம். டச்சுக் கண் மருத்துவர் பேட்ரஸ் வார்டன்பர்க் 1951இல் விவரித்தது. இதற்குப் பெரும்பாலும் பாக்ஸ்3 அல்லது எம்ஐடிஎஃப் மரபணுவின் பழுது காரணம். ஹெர்க்2வில் வந்து பற்றிக்கொள்ளும் புரதத்தைத் தருவதும் இதே எம்ஐடிஎஃப்தான். இங்கே மெலனோசைட்டுகள் ஐரிஸுக்கு முறையாக வந்து சேர்வதே இல்லை. காதின் உட்பகுதியில் ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றவும் இந்தச் செல்கள் தேவை என்பதால், இக்குழந்தைகளில் பலருக்குப் பிறவியிலேயே காது கேட்பதில்லை. இந்த நோய்க்குறி பெரும்பாலும் ஓங்கு பண்பு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு. அப்படிப்பட்ட நீலக் கண் குழந்தைக்கு முதல் மாதங்களிலேயே பெரா என்ற செவிச் சோதனை செய்து கேள்திறனைப் பார்த்துவிட வேண்டும். காக்ளியர் கருவி பொருத்த வேண்டிவந்தால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது.